சம்மந்தி அனுப்பிய தயிர்

இக்காஸ்ட், டென்மார்க்
9 செப்டெம்பர் 2025

ஞானேஸ்வரிக்கு,

நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். அதைப் பக்கத்து வீட்டு அந்தோனிதாசனின் ஃபோனில் கண்ணால் பார்த்துவிட்டேன்.

"இனி ஃபோன் எடுக்க வேண்டாம். எடுத்தால் சத்தம் போடுவீங்கள். சொல்லுறதை இன்னொருத்தருக்குச் சொல்லி எழுதி அனுப்புங்கோ, அப்பத்தான் வாய்க்கு ஒரு பூட்டு இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாய். அதன்படிதான் செய்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது இக்காஸ்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தோனிதாசன் எழுதுகிறான். எங்கள் குசினியில் தேத்தண்ணியும் அவனே போட்டுக்கொள்கிறான்.

மகள் மிதுஷா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அவள் வீட்டு பல்கோனி. அவளுடைய மாமனார், அந்தப் பல்கேரியர், தகரச் சட்டி மாதிரி ஒன்றில் சிவப்பு மிளகாய்களைச் சுட்டுத் தோல் உரித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நீ, முழங்கை வரை சிவப்பு. அரைத்த களியை அவர் கரண்டி நுனியில் எடுத்து நீட்டுகிறார். நீ வாங்கித் தின்கிறாய். பிறகு சிரிக்கிறாய்.

பல்லுத் தெரியச் சிரித்தாய் ஞானம். மேல் வரிசையில் இடப்பக்கம் நீ ஒரு பல் கட்டியிருக்கிறாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் "அண்ணை, பற்றரி இறங்குது" என்று ஃபோனைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டான்.

நான் கோபித்துக்கொண்டு வந்ததற்குக் காரணம் கேட்டாய். ஒன்றும் மறக்கவில்லை, கேள். பேரன் பிறந்து முப்பத்தொரு நாள் முடிந்த அன்று மேசையில் எல்லாரும் இருக்கிறோம். மெல்லிய மாத்தாள்களுக்கு நடுவில் வெள்ளைச் சீஸ் வைத்துச் சுட்ட பனித்சாவை அந்தப் பல்கேரியர் வெட்டினார். முதல் துண்டை உன் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். இக்காஸ்டிலிருந்து ரயில் ஏறி வந்த நான் பக்கத்தில் இருக்கிறேன், பேரனுக்கு நானும் தாத்தாதான். எனக்கு மூன்றாவது துண்டு, அதுவும் ஓரம். பிறகு ரக்கியா என்கிற அந்தச் சாராயக் குவளையைத் தூக்கி உன்னுடைய பழ யூஸ் குவளையோடு முட்டினார். முட்டியபோது உன் கண்ணைப் பார்த்தார். நேராக. இமைக்கவில்லை. அன்றைக்கு அவருடைய சட்டை நீலம், இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். நீ வேண்டுமென்றால் போய்ப் பார்.

மிதுஷா பெரிய வீடு எடுக்கப் போகிறாளாம், அதில் உனக்கென்று ஒரு அறையாம். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை, அந்தோனிதாசனுக்குச் சொல்லியிருக்கிறாள். தீபாவளிக்கு முதல் வருவேன் என்று சொல்லிப் போனவள் நீ. வருவாயா, மாட்டாயா? அந்தப் பல்கேரியர் எப்போது தன் நாட்டுக்குப் போகிறார்?

கந்தையா

(அக்கா, அண்ணை எல்லா இடத்திலும் "அவன்" என்றுதான் சொன்னவர். சம்மந்தி முறையில் இருக்கிறவர் என்று நான்தான் "அவர்" ஆக்கினேன். வாசித்துக் காட்டும்போது மட்டும் அண்ணைக்காகப் பழையபடி வாசித்தேன். - அந்தோனிதாசன்)


கோப்பன்ஹேகன்
17 செப்டெம்பர் 2025

மிதுஷாவின் அப்பாவுக்கும், இதை வாசித்துக் காட்டுகிற அந்தோனிதாசன் தம்பிக்கும்,

பேரன் நன்றாக இருக்கிறான். இரவில் அழுவது குறைந்துவிட்டது. மிதுஷா இப்போதுதான் மனுஷி மாதிரி நித்திரை கொள்கிறாள்.

அந்தப் பல்லுக் கட்டி ஆறு வருஷம். பல் வைத்தியரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனதே நீங்கள்தான். நான் உள்ளே இருக்க நீங்கள் காரில் இருந்து ரேடியோ கேட்டீர்கள். வெளியே வந்து வாயைத் திறந்து காட்டினேன். "சரி சரி, பார்க்கிங் முடியப் போகுது" என்றீர்கள். சட்டைப் பொத்தான் தெரிகிற கண்ணுக்கு அது தெரியவில்லை.

குவளை முட்டும்போது கண்ணைப் பார்க்காவிட்டால் அவர்கள் நாட்டில் மரியாதைக் குறைவாம். டெனிஷ்காரரும் அப்படித்தானே? இத்தனை வருஷம் ஃபக்டரி நத்தார் விருந்தில் தையல் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரும் உங்கள் கண்ணைப் பார்த்துத்தான் "ஸ்கோல்" சொன்னார்கள். நான் ஒரு நாளாவது கோபித்துக்கொண்டு ரயில் ஏறிப் போனேனா?

அந்த உறைப்பில்லாத மிளகாய்க் களிக்கு லூத்தெனித்சா என்று பெயர். புரட்டாசி வந்தால் அவர்களுடைய ஊரில் வீட்டுக்கு வீடு சுடுவார்களாம். இங்கே பல்கோனியில் சுட, புகை என்று கீழ்வீட்டு டெனிஷ்காரன் சண்டைக்கு வந்தான். சம்மந்தி ஒரு போத்தலை அவன் கையில் வைத்தார். அடுத்த நாள் அவன் வெறும் போத்தலோடு வந்து நிற்கிறான். அதற்குத்தான் சிரித்தேன். வீடியோவில் அது விழவில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். வந்த முதல் நாளே சம்மந்தி மருமகன் நிக்கோலாய் மூலம் என்னிடம் ஒன்று கேட்டார். "உங்களுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" யோசித்துப் பார்த்தால் மிதுஷாவுக்கு விருப்பமானது வருகிறது, உங்களுக்கு விருப்பமானது வரிசையாக வருகிறது. என்னுடையது வரவில்லை. "எல்லாம் விருப்பம்" என்று சொல்லித் தப்பினேன். அவர் விடவில்லை. ஒவ்வொரு நாளும் ஒன்றைச் செய்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். தக்காளி, வெள்ளரிக்காய் மேல் சீஸ் துருவிப் போட்ட சலாட் ஒரு நாள். வாசனை இலை போட்டுச் சட்டியில் அவித்த இறைச்சி ஒரு நாள். கண்டுபிடிக்கிறாராம்.

உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கிறதே. எனக்கு என்ன விருப்பம் என்று நீங்கள் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் பை கட்டுகிறேன். இல்லாவிட்டால் மிதுஷாவின் புது வீட்டு அறைக்குத் திரைச்சீலை தைக்கத் தொடங்குவேன். ஒக்டோபர் முடிவதற்குள் அந்த வீட்டுக்குக் கையெழுத்து வைக்க வேண்டுமாம், அதற்கு முன் நான் முடிவு சொல்ல வேண்டும்.

ஜோன்சன் தம்பி தன்னுடைய வான் வண்டியில் இக்காஸ்ட் வருகிறான், கீழே நின்று ஹோர்ன் அடிக்கிறான். இதோடு ஒரு போத்தல் லூத்தெனித்சாவும் ஒரு சாடி தயிரும் அனுப்புகிறேன். தயிர் சம்மந்தி உங்களுக்கென்று தந்தது. கவனமாக வையுங்கள். மிச்சம் பிறகு எழுதுகிறேன்.

ஞானேஸ்வரி


இக்காஸ்ட்
29 செப்டெம்பர் 2025

ஞானத்துக்கு,

உன் கேள்விக்கு யோசிக்கவே தேவையில்லை. கணவாய்க் கறி. மிதுஷா பிறந்த வருஷம் பக்கத்து ஊர் ஹேர்னிங்கில் முதன்முதலாகக் கணவாய் கிடைத்தபோது நீ துள்ளிக்கொண்டு வாங்கினாய். மிளகு தூக்கலாகப் போட்டு, முருங்கை இலை இல்லாததற்குக் கீரை போட்டுச் சமைத்தாய். வெளியே முதல் பனி. நான் மூன்று தரம் சோறு வாங்கினேன். எல்லாம் கண்ணுக்குள் நிற்கிறது. பையைக் கட்டு.

லூத்தெனித்சா வந்தது. அந்தோனிதாசன் பாணில் பூசிப் பாதிப் போத்தலைத் தின்றுவிட்டான். நான் ஒரு கரண்டி பார்த்தேன். கெட்டது என்று சொல்ல மாட்டேன். பச்சைமிளகாய் இரண்டு சேர்த்திருந்தால் அதற்குக் கொஞ்சம் ரோசம் வந்திருக்கும்.

தயிர் விஷயம். தயிரின் மணம் எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும், மிதுஷாவுக்குத் தெரியும். தெரிந்த வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் எனக்குத் தயிர் அனுப்புகிறார் என்றால் என்ன அர்த்தம்? "உன் பெண்சாதி இங்கே இதைத்தான் தின்கிறாள், நீயும் பார்" என்று அர்த்தம். எனக்கு அது விளங்காதா?

நான் சும்மா விடவில்லை. தமிழ்க் கடையில் பச்சைமிளகாய் வாங்கி வந்தேன். நடுவில் கீறி, உப்புப் போட்டு, சாடித் தயிர் முழுவதையும் அதன் தலையில் கவிழ்த்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. இப்போது மோர்மிளகாய் காய்கிறது. இங்கே வெயில் ஏது? மூன்று அறையிலும் ஹீற்றர் மேலே தட்டு வைத்திருக்கிறேன். பகலில் காய்ச்சல், இரவில் திரும்ப மோருக்குள் ஊறல். வீடு முழுக்கப் புளித்த மணம். அந்த மணத்துக்குள் இருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

இதை உன் சம்மந்தியிடம் சொல்லு. அவருடைய தயிரை நான் மிளகாய்க்கு ஊற்றிவிட்டேன் என்று சொல்லு.

கந்தையா

(அக்கா, தயிர் ஆகாத மனுஷன் மோர்மிளகாய்க்கு மட்டும் எப்படி வாய் திறக்கிறார் என்று கேட்டேன். "அது வேற, இது வேற, நீ எழுது" என்றார். - அந்தோனிதாசன்)


கோப்பன்ஹேகன்
7 ஒக்டோபர் 2025

மிதுஷாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன். பேரன் அழுதபடியால் வெளியே வந்தேன்.

நீங்கள் மிளகாயின் தலையில் கவிழ்த்தது சாப்பிடுகிற தயிர் அல்ல. உறைமோர். சம்மந்தியின் பெண்சாதி டிமித்ரா உயிரோடு இருந்த காலத்தில் தோய்த்த தயிர் அது. ஒவ்வொரு முறையும் பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துப் புதுப் பாலில் விட்டு விட்டு அந்த மனுஷி வளர்த்து வந்திருக்கிறா. அவ போன பிறகு இவர் அதை விடாமல் வைத்திருக்கிறார். விமானத்தில் தயிர் கொண்டுவர விடமாட்டார்கள் என்று வெள்ளைத் துணியொன்றை அதில் தோய்த்துக் காயவைத்து, மடித்துச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். இங்கே வந்து இளஞ்சூட்டுப் பாலில் அந்தத் துணியைப் போட்டுவிட்டு, உறைந்ததா என்று குழந்தையைப் பார்ப்பது போல் மூடியைத் திறந்து திறந்து பார்த்தார்.

உறைந்ததும் பாதியை உங்களுக்கென்று தனியே எடுத்து வைத்தார். ஏன் என்று நிக்கோலாய் கேட்டான். "அங்கே அவர் தனியாக இருக்கிறார். வீட்டுக்குள் உயிருள்ள சாமான் ஒன்று இருக்கட்டும்" என்றாராம்.

இன்னொன்று. பனித்சா சுட்டால் வராத ஆளுக்கும் ஒரு துண்டு எடுத்து வைப்பது அவர்களுடைய பண்டிகை வழக்கம். இவர் பண்டிகை இல்லாத நாளிலும் வைக்கிறார். நான் அது டிமித்ராவுக்கு என்று நினைத்திருந்தேன். உங்களுக்காம். நீங்கள் கோப்பையைத் தள்ளிவிட்டுப் போன நாளிலிருந்து வைக்கிறார். காலையில் அதை நான்தான் தின்கிறேன், உடம்பு வைத்துவிட்டது.

தயிர் எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். என்ன சொல்வது? நாங்கள் தலையை அசைப்பது போல் இரண்டு பக்கமும் ஒரு மாதிரி அசைத்து வைத்தேன். அவர்கள் ஊரில் அப்படி ஆட்டினால் "ஓம்" என்று அர்த்தமாம். சந்தோஷமாகப் போய்விட்டார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் அந்தரமாக இருந்தது.

கணவாய் உங்களுடைய விருப்பம். எனக்கு அதைச் சப்பினால் தாடை நோகும். மூன்று தரம் சோறு வாங்கிய ஆள் நான் அன்றைக்கு என்ன தின்றேன் என்று பார்த்தீர்களா? அடிச்சட்டிச் சோறும் ஊறுகாயும்.

இன்னும் ஒரு தரம்தான் கேட்பேன்.

ஞானேஸ்வரி


இக்காஸ்ட்
20 ஒக்டோபர் 2025

ஞானம்,

இன்றைக்குத் தீபாவளி. கோயிலுக்குப் போய் வந்தேன். கோயில் வாசலில் எல்லாரும் "அக்கா எங்கை?" என்று கேட்டார்கள். "பேரனோடை" என்றேன். பொய்யில்லை.

அந்தத் துணிக் கதையை அந்தோனிதாசன் வாசித்துக் காட்டியதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உறைமோர் என்று தெரிந்திருந்தால் நான் கவிழ்த்திருக்க மாட்டேன். ஆனால் அதற்காகச் சாப்பாடு இறங்காமல் இருக்கவில்லை. செத்துப்போன பெண்சாதியின் தயிரைச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு நாடு விட்டு நாடு வருகிறார் ஒருவர். நான் அந்த ஆளோடு எப்படிப் போட்டிக்கு நிற்பது? சண்டித்தனம் உள்ளவன் என்றால் சமாளிப்பேன். இப்படி ஒரு நல்ல மனுஷனைக் கொண்டுவந்து உனக்கு முன்னால் விட்டால் நான் என்ன செய்வது?

கோபம் இன்னும் போகவில்லை. கூடியிருக்கிறது.

இனி உன் கேள்வி. ஒரு கிழமையாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உன் சமையல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதிலும் நீ இருந்து சாப்பிட்டது எனக்கு ஞாபகம் வரவில்லை. பரிமாறுகிற கைதான் வருகிறது. பிறகு வேறு இடத்தில் தேடினேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஃபக்டரியில் சேர்ந்த முதல் கோடை. நான் சாயப் பட்டறை, நீ தையல். அன்றைக்கு உங்கள் பக்கத்தில் மின்விசிறி பழுது. இங்கர் என்கிற உயரமான டெனிஷ் பொம்பிளை, கையில் தேனீ கொட்டின தடம் இருக்கும், வீட்டிலிருந்து கோல்ஸ்கோல் கொண்டு வந்திருந்தா. புளித்த மோரில் சீனி போட்டுச் சின்ன பிஸ்கற் மிதக்கவிட்டு இவர்கள் கோடைக்குக் குடிப்பார்களே, அது. உனக்கும் ஒரு கிண்ணம் தந்தா. வீட்டுக் கதவைத் திறக்க நான் உன்னிடம் திறப்பு வாங்க வந்தேன். சாப்பாட்டு அறைக் கதவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

நீ பிஸ்கற்றை ஒதுக்கி ஒதுக்கி மோரை மட்டும் அள்ளிக் குடித்தாய். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கி அடி வரை குடித்தாய். விரலால் வழித்து நக்கினாய். மேலுதட்டில் வெள்ளைக் கோடு. கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் உன்னிடம் கண்டதில்லை. நான் கதவைத் திறக்கச் சட்டைக் கையால் உதட்டைத் துடைத்துவிட்டுத் திறப்பைத் தந்தாய்.

எனக்கு அன்றைக்கே எரிந்தது. அந்த முகத்தை உனக்கு வரவைத்தது இங்கரின் கை. அதற்குப் பிறகு இரண்டு கிழமை நான் இங்கருக்கு வணக்கம் சொல்லவில்லை. ஏன் என்று அவவுக்கு இன்றைக்கும் தெரியாது.

புளித்த பால், ஞானம். குளிர்ந்தது. சீனி குறைவாக. அதுதான் உனக்கு விருப்பம். அந்தப் பல்கேரியர் கண்டுபிடித்திருப்பார் என்று எனக்குத் தெரியும், தயிர்க்காரர் அல்லவா. ஆனால் நான் அவருக்கு முதல் கண்டவன்.

பிழையென்றால் திரைச்சீலையைத் தை.

மோர்மிளகாய் காய்ந்து முடிந்தது. ஜோன்சனிடம் ஒரு பை கொடுத்து விடுகிறேன். அவருடைய தயிர் அவருக்கே போகட்டும். எண்ணெயில் பொரித்துக் கொடு. உறைப்பு என்றால் என்னவென்று அவருக்குத் தெரிய வேண்டும்.

கந்தையா


கோப்பன்ஹேகன்
29 ஒக்டோபர் 2025

என்னப்பா,

முதலில் சம்மந்தி கதை. நேற்று மாலை மோர்மிளகாயைக் கறுக்கப் பொரித்துக் கொண்டுபோய் வைத்தேன். அவர் ரக்கியாவை ஊற்றி வைத்துவிட்டு, அதற்குக் கடிக்கச் சலாட் வெட்டிக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்து முழுதாக வாய்க்குள் போட்டார். முகம் சிவந்தது, கண்ணால் தண்ணீர் ஓடியது. தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். மிதுஷா பயந்து தண்ணீர் எடுக்க ஓடினாள். அவர் ஆட்டியது "ஓம், ஓம்" என்று. அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். ரக்கியாவுக்கு இப்படி ஒரு கூட்டு தன் நாட்டில் இல்லை என்றார்.

பிறகு மெல்லுவதை நிறுத்திவிட்டார். நிக்கோலாயிடம் ஏதோ கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். "இது அம்மாவின் தயிர் என்று அப்பா சொல்கிறார். எப்படி?" என்று கேட்டான். நான் நடந்ததைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. நீங்கள் கோபத்தில் கவிழ்த்தீர்கள் என்றே சொன்னேன்.

சம்மந்தி ஒரு மிளகாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தயிர் கிழமைக்குக் கிழமை கவலைப்பட வேண்டிய சாமானாம். இப்படிக் காயவைத்தால் டிமித்ரா மழை, குளிர் பார்க்காமல் எத்தனை நாளும் இருப்பா என்றார். இதை எப்படிச் செய்தீர்கள் என்று உங்கள் கையால் செய்து காட்ட வேண்டுமாம்.

இனி உங்களுடைய பதில்.

அந்தக் கண்ணாடிக் கதவை நான் மறந்தே போனேன். கிண்ணத்தையும் மறந்தேன். நீங்கள் எழுதுவித்ததை வாசிக்கும்போதுதான் உதட்டில் அந்தக் குளிர் வந்தது. உங்களுக்குத் தயிர் மணம் ஆகாது என்று இத்தனை வருஷமும் வீட்டுக்குள் அதை நான் கொண்டு வரவில்லை. கொண்டு வந்த ஒன்றிரண்டு நாளும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு நின்று குடித்தேன். நீங்கள் காணவில்லை என்றிருந்தேன். கண்டுகொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். வாயைத் திறந்து சொல்வதற்கு ஒரு பல்கேரியர் வர வேண்டியிருந்தது.

பதில் சரி. சம்மந்தி இன்னும் இறைச்சிச் சட்டியில்தான் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் கண்டுபிடிக்கவில்லை.

பை கட்டிவிட்டேன். வருகிற ஞாயிறு மத்தியான ரயிலில் வருகிறேன். சம்மந்தியும் நாலைந்து நாள் வந்து நிற்பார். மோர்மிளகாய் பழக வருகிறார், உங்களைப் பார்க்கவும் வருகிறார். புது உறைமோர்ச் சாடி என் மடியில் வரும். மிதுஷாவின் புது வீட்டு அறை அவருக்குத்தான். திரைச்சீலை தைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஒரு நிபந்தனை. தயிர் குசினியில் இருக்கும். கதவு திறந்திருக்கும். சம்மதமென்றால் சொல்லுங்கள். இதை ஜோன்சன் தம்பி கொண்டுவருகிறான், உங்களுடைய பதில் கடிதம் அதற்குள் வந்து சேராது, அந்தோனிதாசன் தம்பி எழுதி ஃபோனில் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

ஞானம்


இக்காஸ்ட்
31 ஒக்டோபர் 2025

ஞானம்,

சம்மதம். கதவைக் கழற்றி வைக்க வேண்டுமென்றால் அந்தோனிதாசனிடம் ஸ்க்ரூட்ரைவர் இருக்கிறது.

அவர் கண்டுபிடிக்கவில்லை என்ற இடத்தை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் தரத்தில் அந்தோனிதாசன் கடிதத்தை என் கையில் தந்து, "நீங்களே வைச்சிருங்கோ அண்ணை" என்றான்.

சம்மந்தி வரட்டும். மிளகாய் வாங்கி வைக்கிறேன். என் கட்டிலை அவருக்குக் கொடுக்கிறேன், முதுகுக்கு நல்லது. ஆனால் ஒருவருடைய அறைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது என்ன பழக்கம்? நம்முடைய முன்னறைத் திரை கிழிந்து இரண்டு வருஷம்.

எனக்கும் சில நிபந்தனைகள் உண்டு.

ரக்கியா ஊற்றினால் எனக்கும் ஒரு குவளை. டொக்டர் என்ன சொன்னார் என்று நீ அப்போது ஞாபகப்படுத்தக் கூடாது. முட்டும்போது அவருடைய கண்ணை நான் பார்ப்பேன். நேராகப் பார்ப்பேன், இமைக்க மாட்டேன். யார் முதலில் இமைக்கிறார் என்று பார்ப்போம். நீ அந்த நேரம் யூஸ் குவளையைத் தூக்கிக்கொண்டு நடுவில் வராதே.

சாடியை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டாம். ஹேர்னிங்கில் ரயில் மாறும்போது இடறும். பைக்குள் வை. மடி சும்மா இருக்கட்டும்.

அவருடைய பனித்சாவை மேசையில் வைக்கலாம். வெட்டுகிற கத்தி என் கையில் இருக்கும். முதல் துண்டு உன் கோப்பைக்குப் போகும், அதை நான் வைப்பேன். பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர், சீனி குறைவாக. எல்லாரும் இருக்கும்போது நீயும் இருந்து சாப்பிடு. துடைக்காமல் சாப்பிடு. அந்த வெள்ளைக் கோட்டை நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்க வேண்டும்.

சம்மந்தி அந்த நேரம் மிளகாயைப் பார்க்கட்டும்.

கந்தையா

(அக்கா, இந்தக் கடிதத்தில் நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை. "சம்மந்தி" என்றதும் "அவர்" என்றதும் அண்ணையின் வாயால் வந்ததுதான். சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னவர். - அந்தோனிதாசன்)